லாவண்யா சொன்னா ஓகே

ஜீனத்: மூஞ்சிய அந்தாண்ட திருப்பிகினு சொல்லாத. என்னைப் பாத்து சொல்லு.

லாவண்யா: அதான் சொல்ட்டேனே ஜீனு. இந்த மாசத்தோட நான் வெலகிக்கிறேன். சாக்லேட் கடைய நீயும் சித்ராவும் பாத்துக்கங்க.

ஜீனத்: ஏன்னு கேட்டேன்.

லாவண்யா: அவருக்கு ஓசூருக்கு மாத்தல் வந்துகீது.

ஜீனத்: நேத்துதான் உன் ஊட்டுக்காரர ஆவடி மார்க்கெட்டாண்ட பாத்தேன். எப்போ கெளம்பறீங்கன்னு கேட்டா, எங்க கெளம்பறோம்னு என்னையே கேக்கறாரு.

லாவண்யா: அது... வந்து... அவரு மறந்துட்டிருப்பாரு.

ஜீனத்: இன்னா, வாயில கொழுக்கட்டையா?

லாவண்யா: சும்மா கெட. அந்த ஹேர் டிரையர எடு. வறுத்த கொக்கோ கொட்டையெல்லாம் ஒடச்சி வெச்சிட்டேன், தோல ஊதி வுடணும்.

ஜீனத்: ஊதலாம், ஊதலாம். கொக்கோ எங்கயும் ஓடிடாது.

லாவண்யா: இது இன்னுமா ஓடுது! சித்ரா காலேஜ்ல தல காய வெச்ச டிரையர்தான?

ஜீனத்: பேச்ச மாத்தாத... ஆமா, அதேதான். அவ கல்யாணத்தன்னிக்கி கூட தலையில கொக்கோ தோலு ஒட்டிகினு இருந்துச்சே.

லாவண்யா: பார்லர்காரம்மா பேனுன்னு நெனச்சி அலறிச்சி!

ஜீனத்: சிரிக்கறா பாரு. நீ இப்டி சிரிச்சி எவ்ளோ நாளாச்சி.

லாவண்யா: மொத மொத வறுத்தமே, ஞாபகம் கீதா?

ஜீனத்: ஐயோ, அத ஏன் கேக்கற! வேர்க்கடல விக்கற ஏகாம்பரம் அண்ணாத்தே சட்டியில.

லாவண்யா: மணல் போட்டு வறுத்தா சூடு சமமா ஏறும்னு நீதான் சொன்ன.

ஜீனத்: கடலைக்கி ஏறுதில்ல? கொக்கோவுக்கு ஏறாதா?

லாவண்யா: சூடும் ஏறிச்சி, மணலும் ஏறிச்சி. கடிச்சா நறநறன்னு... மெரினா பீச்ச மென்ன மாதிரி.

ஜீனத்: சித்ரா அத எடுத்துகினு போயி, முந்திரித் தூளு போட்டதுன்னு அவளப் பொண்ணு பாக்க வந்தவங்களுக்கே குடுத்துட்டா!

லாவண்யா: மாப்ள இன்னொன்னு கேட்டாரு பாரு...

ஜீனத்: அதுக்கே அந்தாளக் கட்டிகினா.

லாவண்யா: எங்கூட்டு கிரைண்டர சொல்லு.

ஜீனத்: அதுவும் உன் வேலதான். காலையில இட்லிக்கு அரைச்சத ஒயுங்கா தொடைக்காம கொக்கோவ கொட்டிட்ட.

லாவண்யா: கல்லுக்கு அடியில சொட்டுத் தண்ணி. அவ்ளோதான். மொத்தமும் களி மாதிரி இறுகி, மிஷினே நின்னுபோச்சி.

ஜீனத்: உங்கத்த எட்டிப் பாத்து, "சாணி எதுக்குடி அரைக்கறீங்க?"ன்னாங்களே...

லாவண்யா: போதும்டீ... வயிறு வலிக்குது.

ஜீனத்: அப்பல்லாம் ஒருத்தியும் போறேன்னு சொல்லல லாவி. இப்ப கரையான்சாவடியில கட வெச்சி, போர்டு மாட்டி, ஜனங்க தேடிகினு வரும்போது போறேன்ற.

லாவண்யா: அதனாலதான் போறேன்.

ஜீனத்: புரியல.

லாவண்யா: வுடு.

ஜீனத்: டபாய்க்காத. எம்மேல எதனா மனசுல வெச்சிகினு கீறியா?

லாவண்யா: ச்சீ... உம்மேல இன்னா?

ஜீனத்: அப்ப வேற இன்னாடி? என்னால தாங்க முடியல, சொல்லித் தொலை.

லாவண்யா: நம்ம கடையில ஒரு வழக்கம் கீதில்ல? நான் மோந்து, வாயில வெச்சி, ஓகே சொன்னாதான் அரைக்கணும், அச்சுல ஊத்தணும்னு...

ஜீனத்: லாவண்யா சொன்னா ஓகே. சித்ரா செவுத்துலயே எழுதி வெச்சிகீறாளே.

லாவண்யா: அந்த மூக்கு போச்சி ஜீனு.

ஜீனத்: எப்பலருந்து?

லாவண்யா: பொங்கலுக்கு அப்பால ஒரு காய்ச்சல் வந்துச்சே, அதுலருந்து. காப்பி வாசம் தெரியல, மல்லிப்பூ தெரியல. எம்புள்ள தலைய மோந்தா கூட ஒண்ணும் தெரியல. டாக்டர கேட்டா வரலாம்ன்றாரு, வராமயும் போலாம்ன்றாரு. சாக்லேட்ட வாயில போட்டா வெறும் இனிப்பு, வெறும் கசப்பு. மெழுகு மாதிரி கீது.

ஜீனத்: ஏன்டி எங்களாண்ட சொல்லல?

லாவண்யா: எப்டி சொல்வேன்? வர்றவங்களாண்ட பேசறது சித்ரா. மிஷின் நின்னா நீ பாப்ப. எனக்குன்னு இருந்தது அது ஒண்ணுதான். அதுவும் இல்லன்னா உங்ககூட நான் இன்னாத்துக்கு குந்திகினு கீறேன்? பயந்துட்டேன்டீ. சும்மானாச்சும் மோந்துட்டு, ஓகே ஓகேன்னு...

ஜீனத்: அழாத. மூஞ்சியத் தொடச்சிக்கோ.

லாவண்யா: நோன்பு மாசம்தான் ரொம்ப பேஜாரு. நீ பகல்ல எதையும் பல்லுல படவுட மாட்ட. சித்ராவுக்கு எதக் குடுத்தாலும் சூப்பராதான் இருக்கும். நான் ஒருத்திதான். தெனமும் பொய். எந்த சட்டி கருகிப்போயி, எவன் வந்து மூஞ்சியில வீசப்போறானோன்னு சோறே எறங்கல. நல்ல வேள, ஒரு கம்ப்ளைன்ட் வரல. உங்க சாமியோ எங்க சாமியோ காப்பாத்திச்சி.

ஜீனத்: சாமி இல்ல.

லாவண்யா: இன்னா?

ஜீனத்: நோன்பு ஆரம்பிச்ச அன்னிக்கே ஒரு சட்டி தீஞ்சிபோச்சி லாவி. தெரு முன வரிக்கும் நாத்தம். நீ அதுமேல குனிஞ்சி மோந்துட்டு, "சோக்கா கீது, அரைச்சிடு"ன்ன.

லாவண்யா: அப்ப... உனக்கு... ஆனா கடையில வித்ததெல்லாம் நல்லா இருந்துச்சேடி?

ஜீனத்: எங்க பள்ளிவாசல் ஹஜரத்த போயி கேட்டேன், வேலைக்காக நாக்கு நுனியில வெச்சிட்டு, முழுங்காம துப்பிடலாம்னாரு. மாசம் பூரா, நீ அந்தாண்ட ஊட்டுக்குப் போனதும், ஒவ்வொரு சட்டியையும் நாக்குல வெச்சி, துப்பி, வாய் கொப்புளிச்சி, கருகினதக் கொட்டிட்டு மறுபடி வறுத்தது நான்தான்டீ. தெரிஞ்சிபோச்சின்னு சொன்னா நீ போயிடுவேன்னு பயந்துகினுதான் நானும் வாயத் தொறக்கல.