வெள்ளிக்கிழமை டேப்

டேப்பை வெயில் படும் ஜன்னலோரம் வைக்கக் கூடாது, இன்ஸ்பெக்டர் கண்ணு. கொஞ்சம் உள்ளே தள்ளி வையுங்கள். சூடு ஏறினால் எழுதியதெல்லாம் வீணாகிவிடும். ஆர்.எஸ்.புரத்து ஆஸ்பத்திரியில் இருபத்தாறு வருடமாக எனக்கு இந்த வேலைதான்.

ஒவ்வொரு வெள்ளியும் நோயாளிகளின் பதிவுகளைக் கம்ப்யூட்டர் டிஸ்கிலிருந்து டேப்புக்கு நகலெடுப்பேன். கட்டளையைக் கையால்தான் அடிக்க வேண்டும். முதலில் எங்கிருந்து, அடுத்து எங்கே. இரண்டையும் இடம் மாற்றி அடித்தால் வெள்ளிக்கிழமை டேப் இன்றைய டிஸ்கின் மேல் ஏறிவிடும். வெள்ளிக்குப் பிறகு பதிந்தது போய்விடும். டிஸ்க் கெட்டால் அப்படித்தான் பழையதை மீட்போம்.

நான்கு வருடத்துக்கு முன் ஒரு வியாழனன்று என் தங்கை அமலியைப் பித்தப்பை ஆபரேஷனுக்குச் சேர்த்தேன். பெனிசிலின் அவளுக்கு ஆகாது. சனிக்கிழமைதான் எனக்கு நினைவு வந்தது. உடனே சொல்லிப் பதிந்தோம். திங்களன்று டாக்டர் சரவணன் திரையைப் பார்த்தார். அந்த வரி இல்லை. பெனிசிலின் ஊசி போடச் சொன்னார். பத்து நிமிடம்கூட ஆகவில்லை, போய்விட்டாள்.

“ஸ்கிரீன்ல இல்லீங்களே அக்கா. நான் என்னங்க பண்றது?” என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். விழித்துக்கொண்டு படுத்திருந்தவளை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

போன மாதம் ஒரு வெள்ளியன்று அவருடைய அம்மா ராசாத்தாளைக் காங்கேயத்திலிருந்து கொண்டுவந்தார்கள். பக்கவாதம். பேச்சில்லை. அவருக்கும் பெனிசிலின் ஆகாதாம். சனிக்கிழமை டாக்டரே அதைப் பதியவைத்துவிட்டு, மறுநாள் உடுமலைப்பேட்டையில் ஒரு கல்யாணத்துக்குப் போனார். ஆண்டவர் கண்ணில் காட்டியதாக எடுத்துக்கொண்டேன்.

ஞாயிறு பூசை முடிந்து போனேன்.

“ஏனுங்க கிளாடிஸக்கா, லீவு நாள்லயும் வந்துபோட்டீங்க? டேப்பையே கட்டிக்கிட்டீங்களாக்கும்” என்றார் வாட்ச்மேன் பொங்கியண்ணன்.

“அது ஒண்ணுதானுங்க எதுத்துப் பேசாது” என்றேன். சிரித்தார்.

முதலில் ராசாத்தாளுக்குத் தலை வாரிவிட்டேன். சிக்கு நிறைய. என் விரலைப் பிடித்துக்கொண்டார். பிறகு கீழே கம்ப்யூட்டர் ரூமுக்குப் போய், இடம் மாற்றி அடித்தேன். எதைப் பதிந்தாலும் அதற்கு ஒரு மஞ்சள் சீட்டு உண்டு. டேப்பை ஏற்றினால் சீட்டுகளைப் பார்த்து, போனதையெல்லாம் திரும்ப அடிக்க வேண்டும். அடித்தேன், ஒன்றைத் தவிர. மற்றவர்களுக்கு ஒன்றும் ஆகக் கூடாதில்லையா.

திங்கள் காலை டூட்டி டாக்டர், சின்னப் பிள்ளை, நெஞ்சுச் சளிக்குப் பெனிசிலின் ஊசி போட்டது. சரவணன் ஓடி வந்தபோது, “ஸ்கிரீன்ல இல்லீங்களே சார்” என்றது அந்தப் பிள்ளை. நான் கதவருகே நின்று கேட்டேன். அதைக் கேட்கத்தான் நின்றேன்.

அடித்த கட்டளையை எல்லாம் கம்ப்யூட்டர் எழுதிவைத்துக்கொள்ளும். எனக்கு அழிக்கத் தெரியும், அழிக்கவில்லை.

அதே கட்டளை நான்கு வருடத்துக்கு முன்னால் ஒரு சனிக்கிழமையும் இருக்கிறதே என்கிறீர்கள். ஆமாம் கண்ணு. அன்று மதியம் டிஸ்க் நின்றுபோயிற்று, டேப்பை ஏற்றினேன். அது வேலை. சீட்டுகளைத் திரும்ப அடிக்க வேண்டியவளும் நான்தான். சாயங்காலம் எங்கள் பங்குக் கோவிலில் மாதா தேர். திங்கள் வந்து அடித்துக்கொள்ளலாம் என்று இழுப்பறையில் வைத்துவிட்டுப் போனேன்.

என் கைப்பையில் இரண்டு மஞ்சள் சீட்டு இருக்கும், எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்று ராசாத்தாளுடையது. அந்த அம்மாவைக் கொன்றது நான்தான், எழுதிக்கொள்ளுங்கள்.

இன்னொன்று அமலியுடையது. அது டாக்டர் செய்தது.