அடுப்பைப் பாராத செம்பு

செம்பைத் துலக்குவதற்குப் பழைய புளியும் கல்லுப்பும் போதும், ஐயா. சிலர் சாம்பல் போட்டுக் கை வலிக்கத் தேய்க்கிறார்கள். அதில் அழுக்கு முழுதாகப் போவதில்லை. எங்கள் வீட்டுச் செம்புப் பாத்திரம் எதிலும் நீங்கள் முகம் பார்த்துக்கொள்ளலாம். உங்கள் மேசைமேல் கிடக்கிற அந்தக் கேஸ்கட்டும் நான் துலக்கியதுதான். இத்தனைக்குப் பிறகும் ஓரங்களில் மினுங்குகிறது பாருங்கள்.

என் பெயர் அன்னத்தாய். வீட்டுக்காரர் பெயரைச் சொல்லும் வழக்கம் எனக்கில்லை; நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும் என்பதால் ஐயாதுரை என்று சொல்லிவிடுகிறேன். ராஜபாளையத்தில் மோட்டார்ப் பட்டறை வைத்திருக்கிறார். முன்னால் பட்டறை, பின்னால் வீடு. செத்துப்போன ஞானரத்தினம் அவருடைய தங்கை. அவள் புருஷன் கிறிஸ்துராஜ் பட்டாளத்தோடு பர்மா பக்கம் போயிருக்கிறான். பிள்ளைப்பேற்றுக்காக அவளை எங்கள் வீட்டில் கொண்டுவந்து விட்டார்கள். எனக்குப் பிள்ளை இல்லை. அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

கேஸ்கட் என்பது என்ஜினின் உடம்புக்கும் தலைக்கும் நடுவே வைத்து முறுக்குகிற தகடு. உள்ளே நெருப்பு எரிகிறது, பக்கத்திலேயே தண்ணீர் ஓடுகிறது. இரண்டையும் கலக்கவிடாமல் பிடித்துக்கொள்வது அதுதான். சண்டை வந்ததிலிருந்து புதுச் சரக்கு கிடைப்பதில்லை. பழைய செம்புத் தகடுகளையே மறுபடி மறுபடி போட வேண்டியிருக்கிறது. ஒருமுறை நசுங்கிய செம்பு இறுகிப்போகும். அதைச் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் அமுக்கினால் இளகித் துணிபோலத் துவளும். பட்டறையில் பெட்ரோல் இருப்பதால் அங்கே நெருப்பு மூட்டுவதில்லை. அந்த வேலை என் அடுப்புக்கு வந்தது.

காய்ச்சிய செம்பு கறுத்துவிடும். நான் அதைத் துலக்கித்தான் கொடுப்பேன். அவரும் அதற்குப் பழகிவிட்டார். மினுக்கமாக வந்தால் காய்ச்சியாயிற்று என்று வாங்கிப் பூட்டிவிடுவார். எந்தத் தகட்டை எடுப்பது என்பதைக்கூட என்னிடமே விட்டிருந்தார். இரண்டு சிலிண்டர் ஓட்டைகளுக்கு நடுவே ஒடுங்கியிருக்கிற இடத்தைப் பார்க்க வேண்டும். அங்கே விரிசல் ஓடியிருந்தாலும், நெருப்பு நக்கிய கறுப்புக் கோடு இருந்தாலும் ஆகாது. எனக்குக் கண் கூர்மை என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார்.

ஞானரத்தினத்தின்மேல் எனக்கு வெறுப்பு கிடையாது. நல்ல பெண். “மதினி, மதினி” என்று என் பின்னாலேயே வருவாள். ஆனால் அவளுடைய எச்சில் இருக்கிறதே, அதை என்னால் தாங்க முடியவில்லை. எல்லோருக்கும் சில மாதத்தில் அடங்கிவிடுகிற மசக்கை அவளுக்கு அடங்கவில்லை. நாள் முழுதும் வாயில் ஊறிக்கொண்டே இருக்கும். மடியருகில் ஒரு சிரட்டையை வைத்து அதில் துப்புவாள். துப்பியது நூலாகத் தொங்கும். அதை விரலால் அறுத்துச் சேலையில் துடைத்துவிட்டு அதே கையால் சோற்றுப் பானையைத் திறப்பாள். ஸ்ரீவில்லிபுத்தூர் போனால் அவள் அண்ணன் பால்கோவா வாங்கி வருவார். தின்றுவிட்டு இலையை நக்குவாள். நக்கிய இலை அங்கேயே கிடக்கும், ஈ மொய்க்கும். சீப்பில் வந்த முடியை எச்சில் தொட்டு உருட்டிச் சுவர்ப் பொந்தில் செருகிவைப்பாள். நான் எடுத்து எடுத்துப் போட்டேன். எனக்குச் சோறு இறங்காமல் போயிற்று.

ஒருநாள் அவரிடம் சொன்னேன். “ஏட்டி, புள்ளத்தாச்சின்னா அப்படித்தான் இருப்பா. நீ பெத்திருந்தா தெரியும்” என்றார். விளையாட்டாகத்தான் சொன்னார். நானும் சிரித்தேன்.

அன்று காலையில் அவளுக்கு வலி கண்டது. மருத்துவச்சி வந்து வயிற்றைத் தடவிப் பார்த்தாள். பிள்ளை குறுக்கே கிடக்கிறது, ஸ்ரீவில்லிபுத்தூர் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால்தான் இரண்டு உயிரும் தப்பும், வழியில் தாமதம் கூடாது என்றாள். வாடகைக் கார் ஓட்டுகிற சோலைச்சாமியின் வண்டி எங்கள் பட்டறையில் தலை கழற்றிக் கிடந்தது. மாட்டு வண்டியில் போனால் குலுக்கலிலேயே அவள் போய்விடுவாள் என்று என் வீட்டுக்காரர் பயந்தார்.

“சோலை, வால்வு வேலை முடிஞ்சிருச்சு. தலைய வச்சு முறுக்குனா செத்த நேரத்துல கிளம்பிரலாம்” என்றார். பிறகு உள்ளே பார்த்து, “அன்னம், கேஸ்கட்டைக் காய்ச்சிக் கொண்டா. வெரசா” என்று சத்தம் கொடுத்தார்.

“யக்கா, அவசரத்துல தோசையச் சுட்டு எடுத்துட்டு வந்துராதிய” என்றான் சோலைச்சாமி. அவன் எப்போதும் அப்படித்தான்.

நான் கொல்லைக்குப் போனேன். செம்பை அமுக்குவதற்கென்று வாய் அகன்ற செப்புக் கொப்பரை ஒன்று வைத்திருக்கிறேன். வேறு எதற்கும் அதைத் தொட விடமாட்டேன். அதில் ஞானரத்தினம் வாந்தியெடுத்து வைத்திருந்தாள். மஞ்சள் நீரில் பழைய சோறு மிதந்தது. ஒரு மிளகாய்த் தோல் விளிம்பில் ஒட்டியிருந்தது. இப்போது சொல்லும்போதும் எனக்குக் குமட்டுகிறது.

“கோவிச்சுக்கிடாதிய மதினி, அடக்க முடியலை” என்றாள், சுவரைப் பிடித்துக்கொண்டு.

அந்தக் கொப்பரையில் செம்பை அமுக்க எனக்கு மனம் ஒப்பவில்லை. நடந்ததற்குக் காரணம் இவ்வளவுதான், ஐயா.

அந்த வண்டிக்கு ஆகிற தகடுகள் ஆணியில் இரண்டு தொங்கின. ஒன்று அதிகம் உழைக்காதது, ஓரளவு வளைந்துகொடுத்தது. மற்றொன்று பல தடவை நசுங்கிப் பலகைபோல இறுகியிருந்தது. விரிசல் இல்லை, கோடும் இல்லை. இரண்டாவதை எடுத்தேன். அடுப்பில் வைக்கவில்லை. புளி போட்டுத் துலக்கினேன். காய்ச்சுவதற்கு ஆகிற நேரம்வரை அடுப்பருகில் உட்கார்ந்திருந்துவிட்டு, தண்ணீர் தெளித்து ஈரத்தோடு கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் வாங்கிப் பூட்டினார். இறுகிய செம்பு உட்காராது, வழியில் கார் நின்றுவிடும் என்று எனக்குத் தெரியும். நின்றால் அவள் பிழைக்கமாட்டாள் என்பதை மருத்துவச்சி சொல்லியிருந்தாள்.

ஒரு கூஜாவில் குடிதண்ணீர் எடுத்துக்கொண்டு நானும் அவளோடு காரில் ஏறினேன். மம்சாபுரம் விலக்குக்கு முன்னாலேயே ரேடியேட்டர் கொதித்து ஆவி கிளம்பிற்று. என்ஜின் தும்மித் தும்மி நின்றது. தலை ஓரத்திலிருந்து தண்ணீர் பீச்சியடித்தது. என் வீட்டுக்காரர் மாட்டு வண்டி தேடி வயல் பக்கம் ஓடினார். சோலைச்சாமி நட்டுகளையெல்லாம் இறுக்கிவிட்டு வந்தான்.

“யக்கா, கூஜாத் தண்ணியக் குடுங்க. ஊத்தி, எம்புட்டுத் தூரம் போகுதோ இழுத்துப் பாக்கேன்.”

“கொட்டிப்போச்சு” என்றேன்.

கொட்டவில்லை. ஞானரத்தினத்துக்குப் பனிக்குடம் உடைந்து என் கையிலும் சேலையிலும் பட்டிருந்தது. கொழகொழவென்று, வெதுவெதுப்பாக. அதை எப்படி அப்படியே விடுவது? தண்ணீர் முழுவதையும் ஊற்றிக் கழுவியிருந்தேன்.

அவளும் தண்ணீர் கேட்டாள். கூஜாவைக் கவிழ்த்துக் காட்டினேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். “புள்ள பொழைச்சா நீங்கதான் மதினி வளக்கணும். உங்களை மாதிரி சுத்தமா யாரு வளப்பா” என்றாள். அவள் கை பிசுபிசுவென்றிருந்தது. மெதுவாக என் கையை உருவிக்கொண்டேன்.

மாட்டு வண்டி வந்து அவளை ஏற்றும்போது உயிர் இல்லை. பிள்ளை உள்ளேயே இருந்தது.

அடக்கம் முடிந்து வந்து அவர் என்ஜினைத் திறந்தார். தன் வேலையில்தான் பிழை என்று நினைத்துக்கொண்டிருந்தார், பாவம். தகட்டை ஒரு விரலில் தொங்கவிட்டு ஸ்பானரால் தட்டினார். காய்ச்சிய செம்பு தட்டினால் சத்தம் செத்துப்போகும். இது கோயில் மணிபோலக் கேட்டது. மறுபடி தட்டினார். மறுபடியும் கேட்டது.

“ஏட்டி, இது அடுப்பையே பாக்கலையே” என்றார்.

அவர் வாசற்படியில் போய் உட்கார்ந்து வாந்தியெடுத்தார். நான் தண்ணீர் கொண்டுவந்து படியைக் கழுவினேன். அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அது எனக்குத் தெரிந்த பார்வைதான். அந்தக் கொப்பரையை நான் அப்படித்தான் பார்த்தேன். பிறகு தகட்டை எடுத்துக்கொண்டு இங்கே, போலீஸ் ஸ்டேஷனுக்கு, உங்களிடம் வந்துவிட்டார்.

கொப்பரையைப் பற்றி மறுபடியும் கேட்கிறீர்கள். மறைக்க ஒன்றுமில்லை. நான் தகடு பார்த்துக்கொண்டிருந்தபோதே ஞானரத்தினம் அதைக் கொண்டுபோய்க் கொட்டினாள். வலி வரும்போது சுவரில் சாய்ந்துகொள்வாள், விட்டதும் தேய்ப்பாள். திரும்பத் திரும்பக் கழுவினாள். அடுப்பருகில் இழுத்துவைத்து, குடத்திலிருந்து நல்ல தண்ணீர் ஊற்றினாள். “இப்ப அமுக்குங்க மதினி” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள்.

நான் குனிந்து பார்த்தேன். தண்ணீர் தெளிவாக இருந்தது. அடியில் ஒரு பருக்கைகூட இல்லை. என் முகம் தெரிந்தது.

ஆனால் சாம்பல் போட்டுத் தேய்த்திருந்தாள், ஐயா. புளி போடவில்லை.