மூன்றாவது தரம் கூப்பிட்டபோது

விடிகாலை நாலே முக்கால். ஈப்போவுக்கு வடக்கே ஒரு ரப்பர் தோட்டம்... செம்மண் ரோட்டில் ஒரு விளக்குக்கூட இல்லை. இருளாயி ரப்பர் பால் வாளியோடு பெரட்டுக்குக் கிளம்பினாள். போய்ச் சேரவில்லை.

நல்லம்மாள், அந்தச் சன்னலை அப்படியே விடு. கிட்ட வந்து உட்கார்ந்து கதையைக் கேளு.

வேலைக்கு முன்னால் பேர் கூப்பிடுவதுதான் பெரட்டு. கங்காணி மூன்று தரம் கூப்பிடுவார். பதில் இல்லையென்றால் அன்றைக்கு வேலை இல்லை.

"லாரிக்காரனோட ஓடிட்டா," என்றார் புருஷன் சன்னாசி. மகள் மங்களத்துக்கு அப்போது ஏழு வயது. என் தோழி வீரம்மாவின் பெரியப்பா மகள் அவள். வீரம்மா சொல்லித்தான் எனக்கு இது தெரியும்.

அம்மா என்னை விட்டுவிட்டுப் போனாளா? அந்த ஒரு கேள்வியோடுதான் மங்களம் வளர்ந்தாள். முப்பது வயதில், எண்பத்தொன்றாம் வருஷம், அதையே நாடகமாக்கினாள். ஈப்போவில் அறுபது பேர் உட்காரும் சின்ன அரங்கு. மேடையில் ஒரு மண்ணெண்ணெய் விளக்கு. கங்காணி வேஷம் அவளுக்கே. அவள் பேர் கூப்பிட, இருட்டிலிருந்து நான்கு ஆண்கள் "இருக்கேங்க" என்பார்கள். கடைசிப் பேர் இருளாயி. மூன்று தரம். பதில் வராது. விளக்கை ஊதி அணைத்தால் நாடகம் முடிந்தது.

அப்பாவை முன்வரிசையில் உட்கார வைத்தாள். அந்த நேரத்தில் அவர் முகத்தைப் பார்க்கத்தான் இத்தனையும்.

"பாட்டே இல்லையா லா?" பின்வரிசையில் ஒருவன் முணுமுணுத்தான். "டிக்கெட்டுக்குக் காசு வாங்கிட்டு பேரு கூப்பிடுறாங்க, மச்சான்." சிரிப்பு.

"இருளாயி..."

சிரிப்பு நின்றது.

"இருளாயி..."

மின்விசிறி மட்டும்... கிறீச், கிறீச்.

மூன்றாவது தரம் கூப்பிடும்போது மங்களத்தின் குரல் உடைந்து, ஏழு வயதுப் பிள்ளையின் குரலாக வந்தது.

புளித்த ரப்பர் பால் வாடை. எங்கிருந்தோ.

"இருக்கேங்க."

பெண் குரல். ஓடி வந்தவள் போல மூச்சு வாங்கியது. அரங்கே சட்டென்று பின்னால் திரும்பியது. கதவு சாத்தியிருந்தது. அங்கே யாரும் இல்லை.

சன்னாசி மட்டும் திரும்பவில்லை.

எல்லாரும் போன பிறகு மங்களம் அவர் முன்னால் வந்து நின்றாள்.

"எல்லாரும் திரும்பிப் பாத்தாங்க. நீங்க ஏம்ப்பா பாக்கல?"

அவர் நிமிராமலே சொன்னார்.

"இருபத்து மூணு வருஷமா பக்கத்துலயே உக்காந்திருக்கா... எதுக்கும்மா திரும்பணும்?"