ஈரச்சீலையில் நின்ற கலகக்காரன்

கோப்பையைச் சற்று இந்தப் பக்கம் நகர்த்தி வையுங்கள், ஐயா. எனக்கு இடது கைதான் வாட்டம். வலது கையால் குடித்தால் பாதித் தேநீர் சட்டைக்குத்தான் போகும். சீனி போதும், நன்றி.

நீங்கள் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுகிறேன். செய்தது நான்தான். ஆனால் உங்கள் பொலிஸ் கந்தோர்க் கடதாசியில் ‘சீலையைக் கிழித்தல்’ என்று எழுதியிருப்பதாகக் கேள்விப்பட்டேன். அதை வெட்டிவிடுங்கள். எட்டு வேட்டிகளை ஒட்டித் தைத்த ஒரு படச்சீலைக்காக ஒரு மனிதன் கத்தி தூக்குவானா? நான் கொன்றது ஒரு ஆளை. அவன் பெயர் வலேரோ. ஏன் கொன்றேன் என்பதை முறையாகச் சொல்கிறேன், அவசரமில்லாமல் எழுதிக்கொள்ளுங்கள்.

என் பெயர் கிறகரி. ஊர் தோட்டவெளி. வயது நாற்பத்தொன்று. எங்கள் கோயில் கூத்தில் இருபது வருடம் கட்டியக்காரனாக நின்றவன். ராசா வருகிறார், பராக் என்று கூவிவிட்டு ஒதுங்கி நிற்பது என் வேலை. ராசா வேடம் எனக்கு ஒரு முறையும் கிடைக்கவில்லை. குரல் இருந்தது, உயரம் இருந்தது, மீசையும் இருந்தது. கூத்துப் பழக்கும் அண்ணாவியார் ஒரே சொல்லில் முடித்துவிட்டார்: “ராசா இடக்கையால வாள் உருவினா ஊருக்கு ஆகாது, கிறகரி.” அதற்குப் பிறகு என் வளவில் பனைமட்டையை உருவிக்கொண்டு தனியே ராசாவாக நின்று பார்ப்பேன். என் மனைவி செலீனா அங்கே மீன் காயவைத்துக்கொண்டிருப்பாள். பார்ப்பாள். நல்லது என்றோ கெட்டது என்றோ ஒரு சொல் சொன்னதில்லை.

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். கலந்தர் நானா கொழும்பிலிருந்து பயஸ்கோப் மெசின் வாங்கிவந்து எங்கள் தீவுக் கோட்டைக்கு முன்னால் கூடாரம் அடித்தபோது என்னைத்தான் தேடி வந்தார். படம் ஊமை. ஆட்கள் ஓடுவார்கள், அழுவார்கள், வாய் அசைப்பார்கள், சத்தம் வராது. இடையிடையே ஆங்கிலத்தில் எழுத்து வரும். சீலைக்குப் பக்கத்தில் நின்று என்ன நடக்கிறது, யார் என்ன பேசுகிறார் என்று சனத்துக்குச் சொல்ல ஒரு தொண்டை வேண்டும். அந்தத் தொண்டை நான்.

கூடாரத்தின் ஒழுங்கையும் எழுதிக்கொள்ளுங்கள். நடுவில் சீலை. மெசினும் ஆண்களும் நானும் இந்தப் பக்கம். பெண்கள் சீலைக்கு அந்தப் பக்கம். முஸ்லிம் பெண்களும் எங்கள் பெண்களும் கூச்சமில்லாமல் இருந்து பார்க்கவேண்டும் என்று கலந்தர் நானாவே செய்த ஏற்பாடு. நானாவின் மனைவி உம்மு குல்சூம் வாளியில் தண்ணீர் வைத்து ஓயாமல் சீலையை நனைப்பார். ஈரச்சீலையில்தான் படம் அந்தப் பக்கமும் துலங்கும். ஆண்கள் யாரும் அங்கே கால் வைத்ததில்லை. நானும் வைத்ததில்லை.

சென்ற திங்கட்கிழமை தொடங்கிய படம் வலேரோவின் கதை. பனி பெய்யும் ஏதோ ஒரு தேசத்தில் ராசாவுக்கு எதிராக எழும்பிய தலைவன். சிறையை உடைக்கிறான், அரண்மனைக்குத் தீ வைக்கிறான், கடைசியில் சிப்பாய்கள் சுவரோடு நிறுத்திச் சுடுகிறார்கள். முதலில் வரும் எழுத்திலேயே, ‘சிலர் இவனைப் புனிதன் என்றார்கள், சிலர் பேய் என்றார்கள்’ என்று போட்டு, படம் எடுத்தவன் தன் கையைக் கழுவிவிட்டான். மிச்சத்தை என் தலையில் கட்டினான்.

திங்கட்கிழமை முன்வரிசைக் கதிரையில் நீங்கள் இருந்தீர்கள், பாலசிங்கம் ஐயா. பக்கத்தில் துரைமார். தொடங்குவதற்கு முன் என்னைக் கூப்பிட்டு நீங்கள் சொன்னது எனக்கு மனப்பாடம்: “கிறகரி, இவனை நல்லவனெண்டு சொல்லிப்போடாதையும். ராசாவுக்கு எதிரா எழும்பினவன்.” நான் சொல்லவில்லை. வலேரோ கையை உயர்த்தியபோது, ஏழைகளை அறையப் போகிறான் என்றேன். சிறையை உடைத்தபோது, கூட்டாளிக் கள்ளர்களை எடுக்கிறான் என்றேன். நீங்கள் தலையை ஆட்டினீர்கள்.

செவ்வாய்க்கிழமை துரைமார் இல்லை. கச்சான் காற்று அடிக்கிற நாட்கள். கடலுக்குப் போகமுடியாத ஆட்கள் கூடாரம் நிறைய இருந்தார்கள். கலந்தர் நானா என் காதில், “தம்பி, நேற்று மாதிரிச் சொன்னா சனம் கூடாரத்தைப் பிரிச்சுப்போடும். ஆளைக் கொஞ்சம் நல்லவனாக்கு” என்றார். ஆக்கினேன். அதே கை உயர்ந்தது, ஆசீர்வதிக்கிறார் என்றேன். அதே சிறை உடைந்தது. பிள்ளைகுட்டிக்காரர்களை வீட்டுக்கு அனுப்புகிறார் என்றேன். அரண்மனை எரிந்தபோது, ஏழைகள் குளிர்காய நெருப்பு மூட்டியிருக்கிறார் என்றேன். மனிதர்கள் எழும்பி நின்று கைதட்டினார்கள். படத்தில் ஒரு மயிரும் மாறவில்லை, ஐயா. நான்தான் அவனை அவர் ஆக்கினேன்.

மறுநாள் மீன்கடையில் திங்கட்கிழமை பார்த்தவர்களும் செவ்வாய்க்கிழமை பார்த்தவர்களும் தங்களுக்குள் அடிபட்டார்கள். முருங்கனிலிருந்து நெல்லோடு வந்த ஒரு வண்டிக்காரர் இரண்டு நாளும் பார்த்தவர். அவரை இரண்டு பக்கமும் சேர்ந்து அடித்தார்கள். ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம். எனக்குச் சந்தோசமாகத்தான் இருந்தது. வீட்டுக்குப் போகும்வரை.

செலீனா செவ்வாய்க்கிழமை படத்துக்கு வந்திருந்தாள். பதினாறு வருடம் என்னோடு வாழ்பவள். நான் ஒரு கதை தொடங்கினால் பாதியில் நித்திரையாகிவிடுவாள். புதன்கிழமை மறுபடி போகப்போகிறேன் என்றாள். கலியாணச் சேலையை எடுத்து உடுத்தாள். வியாழக்கிழமை காலை மீன் வெட்டிக்கொண்டிருக்கும்போது தானாகச் சிரித்தாள். என்ன சிரிப்பு என்று கேட்டேன்.

“அந்த மனுசன் வாள் இழுக்கிறதை நினைச்சன்,” என்றாள். “இடக்கையால இழுக்கிறதும் ஒரு வடிவுதான், என்ன?”

அந்த இடத்தில் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. மூன்று நாளாக அவன் மூக்குக்கு முன்னால் நின்று கதை சொல்பவன் நான். வலேரோ வாள் எடுப்பது வலது கையால். சத்தியம் செய்கிறேன். காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள். ஒரு பெண்ணுக்கு வலது எது, இடது எது என்றே தெரியாமல் போய்விட்டதென்றால் அவள் மனம் எங்கே இருக்கிறது என்று தனியாகச் சொல்லவேண்டியதில்லை. ஆனாலும் நான் நியாயமானவன். உடனே கத்தியைத் தேடவில்லை. முதலில் உண்மையால் அவளைத் திருத்தப் பார்த்தேன்.

அன்று மாலை உண்மைகளைச் சொன்னேன். படத்தில் அவை வராததால் நானே சேர்க்கவேண்டி வந்தது. வலேரோ குளிப்பதில்லை என்றேன். முதல் மனைவியையும் நாலு பிள்ளைகளையும் தெருவில் விட்டவர் என்றேன். தாயின் செத்தவீட்டுக்குப் போகாமல் சீட்டு விளையாடியவர் என்றேன். பெரிய வெள்ளிக்கிழமை ஆட்டிறைச்சி தின்றவர் என்றபோது எங்கள் ஆட்கள் காறித் துப்பினார்கள். நோன்பு நாளில் சுவருக்குப் பின்னால் நின்று பேரீச்சம்பழம் தின்றவர் என்றபோது கலந்தர் நானாவின் ஆட்கள் துப்பினார்கள். ஒரே ஆள் இரண்டு மார்க்கத்தையும் எப்படி மீறினான் என்று ஒருவரும் கேட்கவில்லை.

அந்தப் பக்கம் துப்பும் சத்தம் வரவில்லை. விம்மும் சத்தம் வந்தது. “பாவம், கவனிக்க ஒரு ஆளில்லை” என்று உம்மு குல்சூம் சொன்னது இந்தப் பக்கம்வரை கேட்டது.

வீட்டில் செலீனாவிடம், குளிக்காத ஆளைப் பற்றி இப்போது என்ன நினைக்கிறாய் என்று கேட்டேன்.

“தண்ணி இல்லாத தேசமாக்கும்,” என்றாள். “நீங்களும் கச்சான் நாளில குளிக்கிறேல்லைத்தானே.”

வெள்ளிக்கிழமை படம் முடிந்து சீலையின் அடியைப் பார்த்தால், அந்தப் பக்கத்திலிருந்து ஒரு தட்டு இனிப்பு வட்டிலப்பமும் ஒரு பெட்டி பனங்காய்ப் பணியாரமும் தள்ளிவைத்திருந்தார்கள். வலேரோவுக்கு. பணியாரம் எங்கள் வீட்டுக் கைப்பக்குவம், எனக்குத் தெரியாதா? சாட்சியப் பொருள் கெட்டுப்போகக்கூடாது என்று இரண்டையும் நானே தின்றேன். தின்னும்போது கண்ணில் தண்ணீர் வந்தது. வீட்டில் எனக்குச் சுடும்போது அவள் இவ்வளவு பனங்கட்டி போடுவதில்லை.

சனிக்கிழமை கடைசி நாள். துரைமாருக்கு மறுபடி படம் காட்டவேண்டும் என்று நீங்கள் முன்வரிசையில் வந்து இருந்தீர்கள். பின்னால் நானூறு பேர். என் மடியில் மீன்வெட்டும் கத்தி. அது தற்செயலாக இருந்தது என்று பொய் சொல்லமாட்டேன். வெள்ளிக்கிழமை பணியாரம் தின்றவுடனேயே சாணை பிடித்து வைத்துவிட்டேன்.

கடைசிக் காட்சி உங்களுக்கு நினைவிருக்கும். வலேரோ சுவரோடு நிற்கிறான். கண்ணைக் கட்ட வருகிறார்கள், வேண்டாம் என்கிறான். தொப்பியைக் கழற்றி, சனத்தைப் பார்த்து ஒரு சிரிப்பு. நான் அவன் குரலில், “போய்வருகிறேன் மக்களே” என்றேன். அதைச் சொல்லவேண்டும் என்று நினைக்கவில்லை. வாய் பழகிவிட்டது. அப்போது சீலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து செலீனாவின் குரல் கேட்டது.

“போகாதீங்கோ.”

பதினாறு வருடமாக நான் வீட்டைவிட்டு வெளிக்கிடும்போது அவள் அந்தச் சொல்லைச் சொன்னதில்லை, ஐயா. உப்பு வாங்கி வாங்கோ என்பாள், அவ்வளவுதான். நான் கத்தியை எடுத்தேன். இன்னும் அரை நிமிடம் பொறுத்திருந்தால் சிப்பாய்களே அவனைச் சுட்டிருப்பார்கள். இதில் எனக்கு உள்ள ஒரே வருத்தம் அதுதான்.

நெஞ்சுக்கு நேரே குத்தினேன். சீலை ஈரம், நெஞ்சிலிருந்து நிலம்வரை ஒரே இழுவையில் கிழிந்தது. இரத்தம் வரவில்லை, தண்ணீர்தான் வந்தது. பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். நானூறு ஆண்களும் இருநூறு பெண்களும் மெசின் வெளிச்சத்தில் முகத்துக்கு முகம் பார்த்தார்கள். தன் மாமியாரைக் கண்டு ஒருவர் கம்பத்தைக் கட்டிப்பிடித்தார்; கம்பம் விழுந்தது; கூடாரம் விழுந்தது. வெளியே நின்ற கழுதைகள் உள்ளே வந்தன. உங்கள் தொப்பிக்குள் இறங்கியது அன்றைய வட்டிலப்பம். அதை எறிந்தது யார் என்று எனக்குத் தெரியாது. ஆனால் அது வலேரோவுக்கென்று செய்தது, உங்களுக்கு அல்ல. அதனால் மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள்.

ஆகவே குற்றம் கொலை. ஆறு நாள் அவனுக்குக் குரல் கொடுத்தவன் நான், நற்பெயர் கொடுத்தவன் நான், அதைக் கெடுத்தவனும் நான். என் குரல் இல்லாவிட்டால் அவன் வெறும் வெளிச்சம். அவனைக் கொல்ல என்னைவிட உரிமை உள்ளவர் யாரும் இல்லை. ராசாவுக்கு எதிராக எழும்பியவனைத்தான் கொன்றேன் என்பதையும் ஓரமாகக் குறித்துவையுங்கள். கேட்டுக்கொண்டது நீங்கள்தானே.

இப்போது நீங்கள் செலீனாவின் வாக்குமூலம் என்று ஒன்றை வாசித்துக்காட்டினீர்கள். நான் அதைக் கவனமாகத்தான் கேட்டேன். அவள் சொன்னதாக இருப்பது இது:

“எங்கட பக்கமிருந்து பாத்தா இடம் வலம் எல்லாம் மாறித்தான் தெரியும், ஐயா. அவர் இடக்கையாலதான் வாள் இழுப்பார். குரல் இவரின்ர குரல். இவருக்குக் கூத்தில வாள் குடுத்திருந்தா இப்பிடித்தான் நிண்டிருப்பார் எண்டு நினைச்சன். அதைப் பாக்கத்தான் ஒவ்வொரு நாளும் போனனான். வீட்டில சொன்னா இந்த மனுசன் பிறகு பனைமட்டையைக் கீழ வைக்காது எண்டு பேசாம இருந்திட்டன்.”

வாசித்துவிட்டு நீங்கள் என்னை ஒரு மாதிரிப் பார்த்தீர்கள். உங்கள் பக்கத்தில் இருந்து எழுதுகிறவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். ஏன் என்று எனக்கு விளங்கவில்லை. என் சந்தேகத்தை இதைவிடத் தெளிவாக யார் ஒப்புக்கொள்ள முடியும்? அவள் மனதில் ஒரு இடக்கையன் இருந்திருக்கிறான். என்னைப் போலவே குரல் உள்ளவன். வாளோடு நின்றால் வடிவானவன். தன் வாயாலேயே சொல்லிவிட்டாள்.

அப்படியானால் நான் கொன்றது தவறான ஆளை, ஐயா. வலேரோ வலக்கையன். அவன் ஆத்துமாவுக்காகக் கோயிலில் ஒரு பூசை கொடுக்கிறேன். மற்றவனை நீங்கள்தான் தேடிப் பிடிக்கவேண்டும். இந்தத் தீவில் இடக்கையர்கள் அதிகம் பேர் இல்லை; முயன்றால் இரண்டு நாளில் அகப்படுவான்.

கையொப்பம் எங்கே வைக்கவேண்டும்? தாளைச் சற்று இந்தப் பக்கம் திருப்பித் தாருங்கள். வலது கையால் எனக்கு எழுத வராது.