கத்திரி அக்கா வெட்டி ஒட்டிய பாட்டு

மேடையில் அமர்ந்திருக்கும் இசைக்கலைஞர் சங்கத் தலைவர் அவர்களே! அக்காவோடு ஒரே அறையில் பதினாறு ஆண்டுகள் வேலை பார்த்த ஒலிப்பதிவாளர் அண்ணன் அவர்களே! முன்வரிசையில் இருக்கும் அக்காவின் தங்கையே! வேலையைப் போட்டுவிட்டு வந்திருக்கும் நண்பர்களே! வணக்கம்.

இந்த ஆண்டில் இரங்கல் சொல்ல இந்த ஒலிவாங்கியின் முன்னால் நான் நிற்பது நான்காவது முறை. உண்மையைச் சொல்கிறேன், அலுத்துவிட்டது. அழுது அழுது அலுத்துவிட்டது. ஆனால் இன்றைக்கும் நான் வாயை மூடிக்கொண்டு போனால், பிறகு எதைப் பேசவும் எனக்கு முகம் இருக்காது.

கத்திரி அக்கா! ரீமிக்ஸ் கலைஞர் கத்திரி அக்கா! அவர் டேப்பை வெட்டியது என்னவோ பிளேடால்தான். பிளேடு அக்கா என்று கூப்பிட்டால் அறுவை என்று நினைத்துவிடுவார்களே என்று கத்திரி ஆக்கினோம். ஆட்டக்கூடங்களில் போடும் ஹவுஸ் இசை என்றால் பாடியவர் பெயர் தெரிகிறது. இசைத்தட்டுக் கம்பெனியின் பெயர் தெரிகிறது. கால்களை எழுப்பி ஆடவிட்டவர் பெயர் யாருக்குத் தெரியும்? சொல்லுங்கள், யாருக்குத் தெரியும்?

என்னை உங்களுக்குத் தெரியும். ஒரே ஒரு பாட்டால் தெரியும். அந்தப் பாட்டை நான் மெதுவாகப் பாடிக் கொடுத்தேன். கேட்டவர்கள் கொட்டாவி விட்டார்கள். கம்பெனி அதைத் தூக்கி, அடித்தளத்தில் ஜன்னல் இல்லாத அறையில் இருந்த அக்காவிடம் போட்டது. இரண்டு நாள் அவகாசம்.

மூன்றாம் நாள் போய்க் கேட்டேன். என் பாட்டில் முக்கால்வாசியைக் காணோம்! டிரம் மெஷின் ஒரே சீராக அடிக்கிறது. பல்லவிக்கு முன் நான் இழுத்த மூச்சை மட்டும் வெட்டி, எட்டு முறை ஒட்டி வைத்திருக்கிறார்.

"என்னக்கா இது? என் பாட்டைக் கொத்திப் போட்டுட்டீங்களே! மூச்சு வாங்கறதையா கேப்பாங்க?" என்று கத்தினேன்.

"நீ பாடினதுல அதுதாம்மா உண்மையா இருந்துச்சு. மத்ததெல்லாம் அழகா இருந்துச்சு, அவ்வளவுதான்" என்றார்.

கோபம் தலைக்கேறியது. அக்கா சண்டை போடவில்லை. ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் ஓர் ஆட்டக்கூடத்துக்கு அழைத்துப்போய், ஒலிபெருக்கிக்குப் பின்னால் என்னை நிறுத்தினார். அந்த இடம் வந்தது. முதல் மூச்சு. இரண்டாம் மூச்சு. ஆடியவர்கள் அப்படியே நின்றார்கள். எட்டாவது முடிந்து தாளம் விழுந்ததும் கூடமே கத்தியது! நான் அக்காவைத் திரும்பிப் பார்த்தேன். அவர் கூட்டத்தின் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பாட்டு ஊர் ஊராகப் போனது. இசைத்தட்டில் என் பெயர் இருந்தது. அதன் கீழே 'நடனத்துக்கு ஏற்ற வடிவம்' என்று இருந்தது. அக்கா பெயர் இல்லை. அது கம்பெனி செய்த தவறு. என் தவறு வேறு. ரேடியோப் பேட்டியில் கேட்டார்கள், "அந்த மூச்சு யாருடைய யோசனை?" நான் சொன்னேன், "பாடும்போதே எனக்குத் தோன்றியது."

சபையோரே, அது பொய்!

மறுநாள் மன்னிப்புக் கேட்கப் போனேன். அக்கா நிமிர்ந்து பார்த்தார். "குரல் ஏன் கம்மியிருக்கு? வெந்நீர் குடிச்சியா?" என்றார். அவ்வளவுதான். கேட்க வந்ததைக் கேட்காமலே திரும்பிவிட்டேன். திட்டியிருக்கக் கூடாதா? ஒரு வார்த்தை திட்டியிருந்தால் இருபத்தேழு ஆண்டுகள் இதைச் சுமந்திருக்க மாட்டேனே!

பிறகு கம்பெனி அந்த அறையை மூடியது. அக்கா ரயில் நிலையத்தில் பதிவுசெய்த குரல் அறிவிப்புகளை வெட்டி ஒட்டும் வேலைக்குப் போனார். "அதே வேலைதான். இங்க யாரும் ஆடறதில்ல" என்று சிரித்தார். "வண்டி தாமதம்னு எடுத்த எடுப்புல சொன்னா ஜனங்களுக்கு எரிச்சல் வருது. அதனால முன்னாடி கொஞ்சம் இடைவெளி விட்டிருக்கேன்."

போன மாதம் அவர் படுக்கையில் இருந்தபோது வாய் திறந்து சொன்னேன். "அக்கா, பேட்டியில நான் பொய் சொன்னேன்."

"தெரியும். ரேடியோ கேட்டுட்டேதான வேலை செஞ்சேன்."

"ஏன்க்கா ஒண்ணும் கேக்கல?"

"வலிச்சுது" என்றார். பிறகு, "அந்தப் பாட்டுல மூணாவது நிமிஷத்துல ஒரு ஒட்டு சரியா உக்காரல. உனக்குக் கேக்குதா?" என்று கேட்டார்.

"இல்லக்கா."

"எனக்குக் கேக்குது."

அதிலிருந்து ஒன்பதாம் நாள் போய்விட்டார்.

அவர் தங்கை மூன்று பெட்டி டேப்புகளை நம்மிடம் ஒப்படைத்திருக்கிறார். மொத்தம் நாற்பத்தொரு பாட்டு. நேற்று நானும் ஒலிப்பதிவாளர் அண்ணனும் திறந்து பார்த்தோம். ஒவ்வோர் உறையின் மேலும் அக்கா தன் கையால் எழுதியிருக்கிறார். பாடியவர், வாசித்தவர், கருவியை இரவல் கொடுத்தவர், பழுதான மின்சாரத்தைச் சரிசெய்தவர், எல்லோர் பெயரும் இருக்கிறது. தன் பெயரை மட்டும் எழுதவில்லை. நாற்பத்தொன்றில் ஒன்றில்கூட இல்லை.

பெரிய சபதம் போட எனக்குத் தெம்பில்லை. முழங்கால் வலி வேறு. ஆனால் புதன்கிழமைதோறும் இந்தக் கூடத்துக்கு வருவேன். ஒவ்வொரு டேப்பையும் கேட்போம், பிரதி எடுப்போம், உறையில் 'வடிவமைத்தவர்: கத்திரி' என்று எழுதுவோம், ரேடியோக்காரர்களுக்கு அனுப்புவோம். நான் பொய் சொன்ன அதே நிலையத்துக்கு முதல் பிரதி போகும், என் கையெழுத்திட்ட கடிதத்தோடு.

முதல் பெட்டி இதோ, மேசைமேல் இருக்கிறது. அவசர வேலை இருப்பவர்கள் போகலாம். இருக்க முடிந்தவர்கள் நாற்காலியை இப்படி இழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள்.