மூடிய அறைக்கு எந்த டப்பா

எனக்குக் காரம் ஆகாது, மேடம். வீட்டில் என் மனைவி எனக்கென்று தனியாக ஒரு குழம்பு வைப்பாள், பிள்ளைகள் கேலி செய்வார்கள். அப்படிப்பட்டவனிடம் பெப்பர் ஸ்பிரே தேர்ந்தெடுக்கும் பொறுப்பைக் கொடுத்தார்கள்.

நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் ஸ்டேஷனில் எதற்கெடுத்தாலும் லத்திதான். அடி உதவுகிற மாதிரி அண்ணன் தம்பி உதவமாட்டான் என்பார்கள். எனக்கு அது பிடித்ததில்லை. எலும்பு முறியும், தையல் போட வேண்டும், வீட்டு மனிதர்கள் வந்து வாசலில் அழுவார்கள். ஸ்பிரேயில் அந்தத் தொல்லை இல்லை. முக்கால் மணி நேரம் எரியும், கழுவினால் குறைந்துவிடும். பயிற்சியில் என் கண்ணிலும் அடித்திருக்கிறார்கள். பதினோரு வருடமாக யார்மேலும் நான் கை வைத்ததில்லை. இதை நீங்கள் விசாரணைக் குறிப்பில் எழுதிக்கொள்ளலாம்.

போன மாதம் இரண்டு மாதிரி டப்பாக்கள் வந்தன. ஒன்று நேராகப் பீய்ச்சும். மற்றது பனிபோலப் பரவும். எதை வாங்கலாம் என்று வெள்ளிக்கிழமைக்குள் நான் எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது. பின்பக்க மைதானத்தில் இரண்டையும் காற்றில் அடித்துப் பார்த்தாயிற்று. மூடிய அறையில் எப்படி வேலை செய்யும் என்பதுதான் பாக்கி. மற்றவர்களாக இருந்தால் அதைப் பார்க்காமலே கையெழுத்துப் போட்டுவிடுவார்கள். எனக்கு அரைகுறை வேலை ஆகாது.

வியாழக்கிழமை காலையில் அந்த பஸ் டிரைவரைக் கொண்டுவந்தார்கள். டிப்போவில் மேலாளரைப் பிடித்துத் தள்ளிவிட்டாராம். பெரிய குற்றமில்லை, சாயங்காலம் விட்டிருப்போம். லாக்கப்பில் அவர் ஒருவர்தான். பத்தரை மணிக்குக் கம்பியைத் தட்ட ஆரம்பித்தார்.

“சார், எனக்கு வீசிங் இருக்கு சார். மருந்து இழுக்கிற பம்ப்ப டிப்போலயே விட்டுட்டேன். யாரையாவது எடுத்துட்டு வரச் சொல்லுங்க சார்.”

இதையேதான் திரும்பத் திரும்பச் சொன்னார். வாய் ஓயவில்லை. லாக்கப்பில் கலாட்டா செய்தால் ஸ்பிரே அடிக்க எங்கள் விதியில் இடமிருக்கிறது.

பதினோரு மணிக்கு அவர் மனைவி வந்தார். சேதி கேட்டு, தன் வேலையிலிருந்து சீருடையோடு டிப்போவுக்கு ஓடி, பம்ப்பை வாங்கிக்கொண்டு வந்திருந்தார்.

“இத மட்டும் அவர்ட்ட குடுத்துடுங்க சார். ரெண்டு தடவ இழுத்தாப் போதும், அடங்கிடும்.”

“குடுத்துடறேம்மா. நீங்க வெளிய பெஞ்சுல உக்காருங்க.”

“கோவக்காரர்தான் சார். ஆனா மனசுல ஒண்ணும் வெச்சுக்க மாட்டாரு.”

பார்க்க எனக்குப் பாவமாகத்தான் இருந்தது. பம்ப்பைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு உள்ளே போனேன்.

லாக்கப்புக்கு ஜன்னல் கிடையாது. முதலில் பீய்ச்சுகிற டப்பா. கம்பி வழியாக முகத்தில் இரண்டு நொடி அடித்து, வெளிக்கதவைச் சாத்திவிட்டுக் கதவின் கண்ணாடியில் பார்த்தேன். தரையில் உட்கார்ந்துவிட்டார், இருமினார். பேச முடிகிறவனுக்கு மூச்சு இருக்கிறது என்று எங்களுக்குள் ஒரு பேச்சு உண்டு. எல்லோரும் அதை நம்பித்தான் வேலை பார்க்கிறோம். அவரும் பேசினார்.

“தப்புத்தான் சார். இனிமே கத்த மாட்டேன். கொஞ்சம் தண்ணி குடுங்க.”

மரியாதையாகத்தான் கேட்டார். அதோடு விட்டிருக்கலாமே என்கிறீர்கள். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம், சரிதான். என்னிடம் இரண்டு பானை இருந்தது. ஒன்றை மட்டும் பார்த்துவிட்டு எழுதினால் அது பாரபட்சம்.

இருபது நிமிடம் கழித்துப் பனி டப்பாவை அடித்தேன். அறை முழுக்கப் பரவியது. மூலையில் போய் முகத்தைச் சட்டையால் மூடிப் பார்த்தார், பலிக்கவில்லை. நான்கு நிமிடத்தில் சத்தம் நின்றது. ‘அமைதியானார்’ என்று எழுதினேன். இரண்டாவது டப்பாவைச் சிபாரிசு செய்து அறிக்கையை முடித்த பிறகுதான் கதவைத் திறந்தேன். டாக்டர் வந்து பார்த்துவிட்டு, உயிர் போய் அரை மணிக்கு மேல் ஆகிறது என்றார். அந்த அம்மா அப்போதும் பெஞ்சில்தான் இருந்தார்.

பம்ப்பைக் கொடுக்க மறந்துவிட்டீர்களா என்று மூன்றாவது தடவையாகக் கேட்கிறீர்கள். என்னைக் காப்பாற்றத்தான் கேட்கிறீர்கள், புரிகிறது. ஆனால் மறக்கவில்லை, மேடம். இரண்டும் முடிந்ததும் கொடுப்பதாகத்தான் இருந்தேன். நடுவில் மருந்து உள்ளே போயிருந்தால், எந்த டப்பா என்ன செய்தது என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது.