பன்றிக்காதும் கறுப்பு பீன்ஸும்

ஜூஜுவாடி பேருந்தில் எனக்கு முன் இருக்கையில் தொழிற்சாலைக் கேன்டீன் சமையல்காரிகள் இருவர். இளையவள் பொருமினாள்.

"பன்னிக்காது சுத்தம் பண்ணத் தெரியும்னு ஏங்க்கா கையத் தூக்குன?"

"மிசின் மாட்ட வந்த பிரேசில்காரரு ஆசைப்பட்டாரு. கறுப்பு பீன்ஸுல காது, வாலு போட்டுக் கொதிக்கவெச்சு, சோறு, ஆரஞ்சு சுளையோட வெச்சேன்."

"அது அடிமைங்க தின்னதாமே?"

"அவங்க ஊரு அப்படித்தான் சொல்லுதாம். ஆண்டைங்களும் ஆசையாத் தின்னதுதான்னு அவரு சொன்னாரு. நம்ம மேனேஜரே ரெண்டாவது தடவ கேட்டு வாங்குனாரு."

"நம்ம தெரு எதுன்னு எல்லாருக்கும் தெரிஞ்சுபோச்சேக்கா. நாளைக்குச் சாம்பார் அண்டாவத் தொட விடுவாங்களா?"

நான் மடியிலிருந்த புத்தகத்தின் பக்கத்தைத் திருப்பவில்லை. இறங்கும் இடம் வந்ததும் மூத்தவள் எழுந்தாள்.

"தொடக் கூடாதுன்னு மேனேஜரு சொல்லட்டும். ரெண்டாந்தட்டு நக்குன வாயாலயே சொல்லட்டும்டி."